பெற்றோர் விருப்பத்தின் பேரில்

கிளார்க்கம்மாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சலுகை இருந்தது. பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி என்று பகலில் மூன்று முறை பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். போக நான்கு நிமிடம், வர நான்கு நிமிடம், நடுவில் வேலை பன்னிரண்டு நிமிடம். வீட்டில் அவள் கணவர் ஒன்பது வருஷமாகப் படுக்கையில் கிடந்தார். வலது கையும் காலும் போய், பேச்சும் போய், 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா.

அப்படிக் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் மெத்தையில் படக் கூடாது. திருப்பத் தவறினால் முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது. மேல்தோல் கிழிந்த பிறகு பதறுகிறவர்கள் அநேகமாகக் காலம் கடந்துதான் பதறுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை சொல்லிக் கொடுத்ததை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு புண் கிடையாது. வேறு எதைப் பற்றியும் அவள் பெருமையடித்துக்கொண்டதில்லை.

நகரத்தின் ஓரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பு வந்தபோது கூடவே வந்த அரசாங்க உயர்நிலைப்பள்ளி அது. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். வகுப்பறை போதாமல் சைக்கிள் கொட்டகையில் ஏழாம் வகுப்பு நடந்தது. மழை வந்தால் ஏழாம் வகுப்புக்கு விடுமுறை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு அறுபது பேர் தேறுவார்கள். தேறாதவர்கள் மறுபடி எழுதுவார்கள், இல்லாவிட்டால் ஃபிட்டராகவோ டிரைவராகவோ போவார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு ஒரு தலைமையாசிரியை வந்தார். மெதுவாகப் பேசுவார், யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. முதல் வருஷம் தேர்ச்சி அறுபத்தொன்று. கல்வி அலுவலகத்தில் கூட்டம் போட்டு, எழுபதுக்குக் கீழே போன தலைமையாசிரியர்களை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் காலை கிளார்க்கம்மாவைக் கூப்பிட்டு, பதினேழு பெயர் எழுதிய தாளை நீட்டினார்.

"இவங்க பத்தாவதுக்கு வேண்டாம்."

"ஒன்பதாவதுல ஃபெயில் போட்டுடலாமா, மேடம்?"

"ஃபெயில் போட்டா இங்கயேதான் இருப்பாங்க. பாஸ் போட்டு டிசி கொடுத்துடுங்க."

"எங்க போவாங்க?"

"அதை அவங்க அப்பா அம்மா பாத்துக்குவாங்க. ஆனா அவங்களா வந்து கேட்ட மாதிரி இருக்கணும்." தலைமையாசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு ஆகுது. வீட்டுக்குப் போகணுமில்ல? போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கிளார்க்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. போய்க் கணவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து, ஒரு மாதிரிக் கடிதம் எழுதினாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.' பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டாள். சான்றிதழில், பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற இடத்தில், பெற்றோர் விருப்பத்தின் பேரில்.

அந்த வேலை அவளுக்குக் கைவந்துவிட்டது. பெற்றோரைத் தனித்தனியாகத்தான் வரச் சொல்வாள். இரண்டு பேர் சேர்ந்தால் தைரியம் வந்துவிடும். நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மதிப்பெண் பட்டியலை எடுப்பாள். "இங்க இருந்தா ஃபெயில். போனா பாஸ். நீங்களே சொல்லுங்க" என்பாள். எங்கே என்று தேடினால் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுவாள். நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. தெருவில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டிசியம்மா. அது காதில் விழுந்தபோது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. தலைமையாசிரியைக்கு வைத்த பெயர் நூறு. இரண்டாவது வருஷத்திலிருந்து தேர்ச்சி நூற்றுக்கு நூறு.

நுழைவாயிலில் ஒரு கருங்கல் பதித்தார்கள். வருஷத்தையும் நூறு சதவீதத்தையும் அதில் ஒவ்வொரு வருஷமும் ஒரு வரியாக வெட்டினார்கள். அதே சமயம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அண்ணனை வெளியே அனுப்பிய பள்ளியில் தம்பியை யார் விடுவார்கள்? புதிய அடுக்குமாடிக்காரர்கள் முதலிலிருந்தே தனியார் பள்ளி வேனை நம்பினார்கள். மிச்சமிருந்த ஏழைபாழைகளும், எப்படியும் ஒன்பதாவதில் துரத்திவிடுவார்கள், ஆறாவதில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று யோசித்தார்கள். தொள்ளாயிரம், ஐந்நூறு, இருநூற்று நாற்பது. அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான் வாய்க்கொழுப்பு உள்ளவர். "சலிச்சுக்கிட்டே இருங்க, கடைசியில சல்லடை மட்டும் மிஞ்சும், அதுக்கு நூறு மார்க் போடுவாங்க" என்றார். அடுத்த மாதமே அவருக்கு இடமாற்றம் வந்தது.

எட்டாவது வரி வெட்டின வருஷம் ஓர் உத்தரவு வந்தது. செப்டம்பர் முப்பதாம் தேதி நேரில் வந்து தலை எண்ணுவார்கள். நூற்றிருபதுக்குக் குறைந்தால் அந்தக் கல்வி ஆண்டோடு பள்ளியை மூடிவிடுவார்கள். கிளார்க்கம்மா வருகைப் பதிவேட்டை நான்கு முறை கூட்டினாள். நான்கு முறையும் நூற்றுப் பதினைந்து.

பள்ளி போனால் அவளை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரின் மறுமுனையில் ஒரே ஓர் இடம்தான் காலி. இரண்டு பஸ். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. பன்னிரண்டு மணி நேரம் அந்த மனிதர் ஒரே பக்கமாகக் கிடப்பார். வேலையை விட்டால் அவர் மருந்துக்கு வழியில்லை.

"மேடம், போன ஜூன்ல அனுப்பினோமே, அவங்கள்ல அஞ்சு பேர் இன்னும் எங்கயும் சேரல. திரும்பக் கூப்பிட்டா என்ன?"

"பத்தாவதுலயா?"

"வேற வழி?"

தலைமையாசிரியை பேனாவை மூடினார். ஏப்ரலில் அவருக்கு ஓய்வு. "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

கிளார்க்கம்மா அந்த வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடுக்குமாடி வாசலில் காவல் இருந்த ஒரு தகப்பன் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"வாங்க டிசியம்மா. இந்தத் தடவை யாருக்கு, எனக்கா?"

"தம்பியைத் திரும்பச் சேத்துக்கலாம்னு வந்தேன்."

"அவன் வெல்டிங் பட்டறையில நிக்கிறான். அங்க அவனை யாரும் நூறு கேக்கல. கண்ணைப் பாத்துக்கடான்னு மட்டும்தான் சொல்றாங்க." கொஞ்ச நேரம் அவளை வெயிலில் நிற்க விட்டார். பிறகு, "அவன் படிக்கணும்னு அவங்கம்மா என்னை விடமாட்டா. அனுப்பறேன்" என்றார்.

ஏச்சும் பேச்சுமாக இன்னும் மூன்று வீடு. கடைசி வீடு தையல்காரியுடையது. ஒற்றை அறை, ஒரு தையல் மெஷின், துணிக்குவியலுக்கு நடுவில் மகள் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உயிரியலில் எண்பது, கணக்கில் பதினெட்டு. தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை.

"உக்காரச் சொல்ல நாற்காலி இல்ல. நீங்க எனக்கு நாற்காலி போட்டீங்க, தண்ணி கொடுத்தீங்க. உங்க மேல குறையே சொல்ல முடியாது."

"பழசை விடும்மா. பாப்பாவைத் திரும்ப அனுப்பு."

"என்ன திடீர்னு?"

"தலை எண்ண வர்றாங்க. அஞ்சு குறையுது."

"ஓ. தலை மட்டும்தான் வேணும். உள்ள என்ன இருக்குன்னு இந்தத் தடவை பாக்க மாட்டீங்க."

கிளார்க்கம்மா ஒளிக்கவில்லை. கணவர், இரண்டு மணி நேரக் கணக்கு, இரண்டு பஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தையல்காரி அப்போதுதான் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"ஜூன்ல உங்க வீட்டுக்காரரைப் புரட்டணும்னா என் பொண்ணு வெளிய போகணும். இப்பப் புரட்டணும்னா அவ உள்ள வரணும். அப்படித்தானே?"

பட்டன் வைத்துக்கொண்டிருந்த பெண்தான் வாயைத் திறந்தாள். "அம்மா, நான் போறேன்."

"அறிவு கெட்டவளே" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கே சீருடையின் விளிம்பைப் பிரித்து நீளம் விட்டுத் தைத்தாள்.

முப்பதாம் தேதி ஐந்து பேரும் வந்து பத்தாம் வகுப்பு வரிசையில் நின்றார்கள். கிளார்க்கம்மா முதல் நாளே மறுசேர்க்கைப் படிவங்களை எழுதி, தலைமையாசிரியை மேஜை மேல் வைத்திருந்தாள். அதிகாரி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து, "நூற்றிருபது. சரியா இருக்கே" என்றார்.

"நூற்றுப் பதினைந்து சார்" என்றார் தலைமையாசிரியை அதே மெதுவான குரலில். "அந்த அஞ்சு பேர் நம்ம பிள்ளைங்க இல்ல. பெத்தவங்களே விரும்பி டிசி கேட்டுட்டாங்க. கடிதம் எல்லாம் கோப்புல இருக்கு. மறுசேர்க்கையில நான் கையெழுத்துப் போடல."

அதிகாரி கோப்பைக் கேட்டார். கிளார்க்கம்மாவே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷக் கடிதங்கள், எல்லாம் அவள் கையெழுத்தில், எல்லாவற்றிலும் அதே குடும்பச் சூழ்நிலை. அதிகாரி பத்துத் தாள் புரட்டினார்.

"எல்லாம் நீங்க எழுதினதா?"

"எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுத்தாங்க" என்றார் தலைமையாசிரியை. "உதவி பண்ற சுபாவம்."

அதிகாரி நூற்றுப் பதினைந்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் ஜீப் ஏறின பிறகு கிளார்க்கம்மா கேட்டாள், "ஏன் மேடம்?"

"அஞ்சு பேரும் மார்ச்சுல ஃபெயிலாவாங்க. பள்ளிக்கூடம் இன்னைக்கு இல்லன்னா அடுத்த வருஷம் மூடத்தான் போறாங்க. கல்லுல இருக்கிறதையாவது யாரும் அழிக்க முடியாம விட்டுட்டுப் போறேன்." பிறகு, "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஆள் வச்சுக்குங்க" என்றார்.

வெளிவாசலில் தையல்காரி காத்திருந்தாள். மகள் பையோடு வெளியே வந்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிளார்க்கம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மகளிடம் சொன்னாள்: "நட. ஒரு தடவை துரத்தினா அவங்க தப்பு. ரெண்டாவது தடவை நம்ம தப்பு."

மார்ச்சில் முப்பத்தொரு பேர் எழுதி முப்பத்தொரு பேரும் தேறினார்கள். கல்லில் ஒன்பதாவது வரி ஏறியது. ஏப்ரலில் பள்ளியை மூடினார்கள். தலைமையாசிரியைக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது; அவர் அழுதார் என்று சொன்னார்கள். கிளார்க்கம்மாவுக்கு எதிர்பார்த்த இடத்துக்கே மாற்றல் வந்தது. பழைய பதிவேடுகளைக் கட்டி அனுப்பும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. சாவி அவளிடம், சனிக்கிழமைகளில் வந்து கட்ட வேண்டும்.

ஜூன் முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெண் இடையில் போய்த் திருப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு விட்டுவிட்டு, மாலையில், "தூங்கறார், தொந்தரவு பண்ணல" என்றாள். ஒன்பதாம் நாள் மாலை கிளார்க்கம்மா அவர் முதுகின் கீழே விரலை வைத்து அழுத்தினாள். சிவப்பு வெளுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். "வலிக்குதா?" என்றாள். "ஆமா" என்றார். இந்த முறை அவர் கண்ணிலும் அதுவே இருந்தது.

அவள் புடவைகூட மாற்றாமல் தையல்காரி வீட்டுக்குப் போய் நின்றாள். முழு நாளும் வீட்டில் இருக்கிற, கை சுத்தமான, சொன்னதைக் கேட்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான், தையல்காரியின் மகள்.

"வெக்கமே இல்லையா உங்களுக்கு?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள் தையல்காரி.

"இல்லம்மா. அதுக்கெல்லாம் நேரமில்ல."

தையல்காரி அதற்குச் சிரித்தேவிட்டாள். சம்பளம் பேசினார்கள். "அவ வருவா. நான் உங்க வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே தடவைதான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. விரிப்பைப் பிடித்து இழுத்துத் திருப்பும்போது தோல் உரசாமல் எப்படித் தூக்க வேண்டும் என்பதை இரண்டாவது நாளே பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள், "டீச்சர், ஐயாவுக்குக் காது மடல்லயும் சிவக்குது, தலையணை கெட்டியா இருக்கு" என்றாள். கிளார்க்கம்மா ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அவள் டீச்சர்தான். ஒன்பது வருஷத்தில் கிளார்க்கம்மா காது மடலைப் பார்த்ததில்லை. பத்து நாளில் முதுகுச் சிவப்பு அடங்கியது. நடுவில் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பெண் பழைய பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தாள். இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்பாள். அவர் ஆமா என்பார். இருவருக்கும் சிரிப்பு.

ஜூன் இருபதாம் தேதி அவள் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துல என்னைப் பத்தாவதுல எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. டிசி மட்டும் முப்பதாம் தேதிக்குள்ள வேணுமாம். அம்மா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டதோட சரி, வாங்க வரவே இல்ல. அங்கதானே இருக்கும்?"

"இருக்கும். எடுத்துத் தரேன்" என்றாள் கிளார்க்கம்மா. மனதாரத்தான் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை பூட்டைத் திறந்து, வாங்காமல் கிடந்த சான்றிதழ்க் கட்டைப் பிரித்தாள். நான்காவதாக இருந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெண் அவரை இடது பக்கமாகத் திருப்பி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி போன வழியெல்லாம் தோல் பளிச்சென்று இருந்தது.

"கிடைச்சுதா டீச்சர்?"

"கட்டு நிறைய இருக்கும்மா. அடுத்த வாரம் பாக்கறேன்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம், அதற்குள் வேறு ஆள் கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டு பேரைக் கேட்டாள். ஒருத்தி மூத்திரத் துணி மாற்ற மாட்டேன் என்றாள். இன்னொருத்தி கேட்ட சம்பளம் கிளார்க்கம்மாவின் சம்பளம். இருபத்தேழாம் தேதி தையல்காரி கல்வி அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள். சாவி அந்தம்மாவிடம்தான் இருக்கிறது, அவரையே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படி மிதிக்க மாட்டேன் என்றவள் அன்று வாசல் வரை வந்து, வெளியே நின்றபடியே கேட்டாள்.

"என் பொண்ணு காகிதம் கிடைக்குமா, கிடைக்காதா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். எலி கடிச்சுப் பாதி நாசமாயிருக்கு."

உள்ளேயிருந்து அவர், "ஆமா" என்றார். பிறகு இன்னொரு முறை, பெரிதாக, "ஆமா, ஆமா" என்று கட்டிலின் கம்பியை இடது கையால் தட்டினார். கைப்பை அவர் தலைமாட்டில் ஆணியில் மாட்டியிருந்தது; இரவில் அவள் அதிலிருந்து சான்றிதழை எடுத்துப் பார்ப்பதை அவர் கண்டிருந்தார். கிளார்க்கம்மா போய் அவர் வாயைத் துடைத்துவிட்டு, தட்டிய கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

முப்பதாம் தேதி போனது. ஜூலை இரண்டிலிருந்து பெண் புத்தகம் கொண்டு வரவில்லை. வேலையில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை. கிளார்க்கம்மா கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தாள், பெண் வாங்கிக்கொண்டாள். சான்றிதழ் ஒருநாள் காலை அடுப்பில் போயிற்று. அவர் மட்டும் அதற்கப்புறம் மனைவி கேட்கிற எதற்கும் ஆமா சொல்வதில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் சுகாதார நர்ஸ் பார்வையிட வந்தாள். போர்வையை விலக்கி, குதிகால், இடுப்பெலும்பு, முதுகு, தோள், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பத்து வருஷப் படுக்கைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. யார் பாத்துக்கறது?"

"இந்தப் பொண்ணுதான்" என்றாள் கிளார்க்கம்மா.

நர்ஸ் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கை ரொம்ப நல்ல கை. எங்க ஆஸ்பத்திரியில உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்க. பத்தாவது இருந்தாப் போதும். எழுதித் தரட்டுமா?"

பெண் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "பத்தாவது இல்ல, சிஸ்டர்."

"ஏன்? படிக்கலையா?"

பெண் கிளார்க்கம்மாவைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எங்கம்மாவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

நர்ஸ் அந்த அம்மாவை நினைத்து உச்சுக் கொட்டினாள். "இப்படியும் பெத்தவங்க" என்றாள். குறிப்பேட்டில் 'புண் இல்லை, பராமரிப்பு மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கிளார்க்கம்மா அவளை வாசல் வரை கொண்டுவிட்டு வந்தாள். மணி மூன்றாகியிருந்தது.

"திருப்பும்மா" என்றாள்.